இருபது நிமிடத்தில் பத்து நொடி: ட்ரோனோடு ஐந்து நாள்

அக்டோபர் 8, முதல் நாள்: முகடு

இந்தப் பயணத்தில் டைம்லாப்ஸும் ஹைப்பர்லாப்ஸும் தவிர வேறெதுவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினோம். நானும் தங்கையும். ட்ரோன் மேலே இருக்கும்போது என் கண் பெரும்பாலும் ரிமோட் திரையில் இருக்கும். அதனால் வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை அவளுடையது.

ஒரே இடத்தில் நின்று, இரண்டு நொடிக்கு ஒன்று, ஐந்து நொடிக்கு ஒன்று என்று படமெடுத்து ஓட்டிப் பார்ப்பது டைம்லாப்ஸ். கேமராவும் நகர்ந்துகொண்டே எடுத்தால் ஹைப்பர்லாப்ஸ். தரையில் இதைச் செய்பவர்கள் முக்காலியை அடி அடியாகத் தூக்கி வைத்து அரை நாள் பாடுபடுவார்கள். 2018 ஆகஸ்டில் வந்த மேவிக் 2 ட்ரோனில் இதற்கென்றே ஒரு மோட் கொடுத்தார்கள். இப்போது 250 கிராமுக்குக் குறைவான குட்டி ட்ரோன்களிலும் அது இருக்கிறது. ஃப்ரீ (நிற்பதும் நகர்வதும் நம் கையில்), சர்க்கிள் (ஒன்றைச் சுற்றி வருவது), கோர்ஸ் லாக் (ஒரே திசையில் நேராகப் போவது), வேபாயின்ட் (குறித்து வைத்த இடங்கள் வழியாகப் போவது) என்று நான்கு வகை. பட்டனை அழுத்தினால் (ஃப்ரீ தவிர) அதுவே நகரும், அதுவே எடுக்கும், கடைசியில் அதுவே வீடியோவாகக் கோத்தும் கொடுக்கும். ஆகவே சுலபம் என்று நினைத்துத்தான் மலையேறினேன்.

முகட்டில் மதியம் மூன்று மணிக்கு நல்ல வெயில். கீழே பள்ளத்தாக்கு, வளைந்து வளைந்து போகும் ஒரு சாலை, அதன் மேல் பஞ்சு பஞ்சாக மேகங்கள், அவற்றின் நிழல் நிலத்தில் ஊர்ந்து போகிறது. நிழல் நகர்வதுதான் எனக்குப் பிடித்தது. கோர்ஸ் லாக் வைத்து, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சாலையோடு போகவிட்டேன். இரண்டு நொடிக்கு ஒரு படம், மொத்தம் 250 படம். நொடிக்கு 25 படம் (ஃப்ரேம்) என்று ஓட்டினால் பத்து நொடி வீடியோ. எடுக்க ஆகும் நேரம் 500 நொடி, அதாவது எட்டு நிமிடம் இருபது நொடி.

எட்டு நிமிடமும் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. அவ்வளவு மெதுவாக ஊர்ந்தது. 'வேகத்தைக் கூட்டியிருக்கலாமோ' என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அறைக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் சாலை பாய்ந்து வருகிறது! அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரை மீட்டர் வேகத்தில் 500 நொடி போனால் 250 மீட்டர். அந்த 250 மீட்டரும் பத்து நொடிக்குள் ஓடுகிறது. பார்ப்பவருக்கு அது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். மேகமும் நிழலும் இத்தனை வேகத்தில் கண்ணில் பதியாது. பார்வை முழுக்க ட்ரோனின் ஓட்டத்திலேயே போய்விடுகிறது. எதைக் காட்ட வந்தேனோ அதையே மறைத்துவிட்டேன்.

அதோடு இன்னொரு கோளாறு. வீடியோ இடையிடையே துள்ளுகிறது. முதலில் காற்று என்று நினைத்தேன். படங்கள் பதிவான நேரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது தெரிந்தது: இரண்டு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி, இரண்டு நொடி, மறுபடி நான்கு. பழைய மெமரி கார்டு ஒன்றைப் போட்டிருந்தேன். ராவ் படம் (கேமரா தன் கைவேலை எதுவும் செய்யாமல் அப்படியே பதிவது) ஒவ்வொன்றும் 20 எம்பிக்கு மேல். அதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த படத்தின் நேரம் வந்துவிடுகிறது, கார்டு திணறுகிறது, ஒரு படம் தவறுகிறது. ட்ரோனோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் ஒரு குதி. நல்லவேளை, வி30 என்று போட்ட கார்டு ஒன்று பையில் இருந்தது. அந்த எண்ணுக்கு அர்த்தம், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பது. நாளையிலிருந்து அதுதான்.

மூன்று பேட்டரி கொண்டுவந்திருக்கிறோம். பெட்டியின் மேல் 34 நிமிடம் என்று இருக்கும். ஏறுவது, இடம் பிடிப்பது, பத்திரமாக இறக்கக் கையிருப்பு எல்லாம் போக, படம் எடுக்கக் கிடைப்பது ஒரு பேட்டரிக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று மூன்றும் காலி. வைத்துக்கொள்ளும்படி ஒரு நொடிகூடத் தேறவில்லை.

அக்டோபர் 9, இரண்டாம் நாள்: பனி

காலை ஐந்தரைக்கே முகட்டில் இருந்தோம். நல்ல குளிர். பேட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். லித்தியம் பேட்டரி குளிர்ந்துபோனால் கொடுக்கும் சக்தி குறையும். திரையில் 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று சரியும். ஏற்றியதும் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு நிமிடம் அப்படியே நிற்கவைத்து, சூடேறிய பிறகு மேலே அனுப்புவது நல்லது.

கிளம்புவதற்கு முன்பே ஒரு சிக்கல். சமதளமாக இருக்கிறதே என்று அங்கிருந்த கான்கிரீட் மேடையில் ட்ரோனை வைத்தேன். திசைகாட்டி சரியில்லை என்று எச்சரிக்கை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிதான் காரணம். பத்தடி தள்ளி மண் தரையில் வைத்ததும் எச்சரிக்கை மறைந்துவிட்டது.

பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து கிடந்தது. நான் சர்க்கிள் மோடில் ஒரு தனி மரத்தைச் சுற்றி எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பனியைப் பிடிக்கவா தம்பி வந்தீங்க?"

"ஆமாங்க ஐயா."

"ஏழு மணி வரைக்கும் இது அசையாது. வெயில் எதிர்ப் பக்கத்துச் சரிவுல பட்டதும் எழும்பும். எழும்பி, அதோ அந்தத் தாழ்வான இடம் இருக்கு பாருங்க, அது வழியா இந்தப் பக்கம் இறங்கும். அருவி மாதிரி கொட்டும். அரை மணி நேரந்தான்."

கையை நீட்டி இடத்தையும் காட்டினார். ட்ரோன் எவ்வளவு உயரம் போகும், என்ன விலை என்று எதுவும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பனியைப் பார்த்தவர், அது எப்போது என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஆறரை மணிக்கே மரத்தைச் சுற்றி முதல் பேட்டரியைத் தீர்த்திருப்பேன்.

காத்திருந்தோம். ஏழு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது ட்ரோனை ஏற்றி, அந்தத் தாழ்வான இடத்துக்கு நேரெதிரே நிறுத்தினேன். நகர்த்தவில்லை. ஃப்ரீ மோட், ரிமோட்டின் குச்சிகளில் கை வைக்காமல் வெறும் நிற்றல். பனியிலிருந்து நல்ல தூரம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். உள்ளே போனால் ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில் நீர்த்துளி படியும், அதன் சென்சார்களும் தடுமாறும். இதில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் தரையிலிருந்து 120 மீட்டர்தான் உச்ச வரம்பு. திரையில் தெரியும் உயரமோ நாம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. முகட்டில் கிளம்பி 50 மீட்டர் ஏறி, பள்ளத்துக்கு மேல் போய் நின்றால், கீழே இருக்கும் தரையிலிருந்து 200 மீட்டரைக்கூடத் தாண்டியிருப்போம். அதனால் முகட்டை ஒட்டியே வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கையால் பூட்டினேன். வெண்சமநிலை (படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிப்பது) 5500 கெல்வின், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, ஃபோகஸ் தொலைவில் நிறுத்தி மேனுவல். எதையாவது ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கும். ஒன்று கொஞ்சம் மஞ்சள், அடுத்தது கொஞ்சம் நீலம், ஓட்டும்போது விளக்கு மினுங்குகிற மாதிரி தெரியும். என்டி 64 ஃபில்டர் போட்டிருந்ததால் ஷட்டரை 1/5 நொடி வரை இறக்க முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போல வெளிச்சத்தைக் குறைப்பதுதான் அந்த ஃபில்டரின் வேலை. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் நகரும் பொருள் லேசாகக் குழைந்து பதியும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இழை விடாமல் ஓடும். 1/1000 நொடியில் எடுத்தால் பனி நறுக்கு நறுக்காக வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும்.

பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது. ஏழு ஐந்துக்கு எதிர்ச் சரிவில் வெயில் விழுந்தது. பனியின் மேற்பரப்பு முதலில் சுருக்கம் விழுந்த துணி போல ஆயிற்று. பின் மெல்ல உயர்ந்து, தாழ்வான இடத்தின் விளிம்பைத் தொட்டு, ஒரு விரல் நீள்வது போல இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை திரும்பிப் போகவில்லை. கண்ணால் பார்க்கும்போதே இது அழகுதான். ஆனால் ஐம்பது மடங்கு வேகத்தில் ஓட்டும்போது தெரிவது வேறு. பனி மூச்சு விடுகிறது. விளிம்பில் வழிந்தது கீழே விழுந்து, மரங்களுக்குள் புகுந்து, பாதிச் சரிவுக்கு வந்ததும் வெயிலில் கரைந்து காணாமல் போகிறது. மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, கீழே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் ஒரே ஒரு மரத்தின் நுனி மட்டும் ஒவ்வொரு அலைக்கும் மறைந்து மறைந்து வெளியே வருகிறது.

500 படம், இருபது நொடி. நான் எடுத்ததிலேயே இதுதான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். ட்ரோன் ஓரடி நகரவில்லை.

அக்டோபர் 10, மூன்றாம் நாள்: ஏரி

மலையிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்கு வந்தோம். இன்று நடந்த தவறை முழுமையாகவே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

கரையில் மரங்கள் அடர்த்தி. இலை அசையவில்லை. காற்றே இல்லை என்று எண்ணி, 60 மீட்டர் உயரத்தில், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், கரையிலிருந்து ஏரியின் குறுக்கே போகும்படி வைத்தேன். தண்ணீரில் மேகத்தின் பிரதிபலிப்பு ஓடுவதைப் பிடிக்க வேண்டும். முதல் தடவை நடுவில் நிறுத்தி, கோணம் சரியில்லை என்று திரும்ப அழைத்து, அதே பேட்டரியில் இரண்டாம் தடவை தொடங்கினேன். தவறு அங்கேதான் ஆரம்பம். புதுப் பேட்டரி போட்டிருக்க வேண்டும்.

ஆறாவது நிமிடம் தங்கை சொன்னாள்: "அண்ணா, எனக்கு ட்ரோன் தெரியல." அது இரண்டாவது தவறு. இத்தனை சின்ன ட்ரோன் முன்னூறு மீட்டர் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத தூரத்துக்கு அனுப்பவே கூடாது என்பது விதியும்கூட. 'இன்னும் ரெண்டு நிமிஷந்தானே' என்று விட்டேன். 250 படம் முடிந்தபோது 500 மீட்டர் தள்ளி இருந்தது, பேட்டரி 32 சதவீதம்.

திரும்ப இழுத்தால் வரவில்லை. திரையில் காற்று எச்சரிக்கை. குச்சியை முழுக்கத் தள்ளியும் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகந்தான். மேலே நல்ல காற்று, போகும்போது முதுகில் தள்ளியிருக்கிறது, மெதுவான வேகத்தில் எனக்கு அது தெரியவே இல்லை. இந்த வேகத்தில் வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். எதிர்காற்றில் மோட்டார்கள் திணறும்போது பேட்டரி இன்னும் வேகமாகத் தீரும். 25 மீட்டருக்கு இறக்கினேன், கீழே காற்று குறைவாக இருக்கும் என்று. கொஞ்சம் வேகம் கூடியது. அதற்குள் 26 சதவீதம். அடியில் முழுக்கத் தண்ணீர்.

எதிர்க்கரை அதற்கு 200 மீட்டரில் இருந்தது, அதுவும் காற்று போகும் திசையில். முடிவெடுக்க எத்தனை நொடி ஆயிற்று என்று தெரியவில்லை. திரும்பி வருவதை விட்டு, அந்தக் கரையில் இருந்த வெறும் புல்தரையைக் கேமராவில் பார்த்து, ஆள் யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இறக்கினேன். 19 சதவீதம்.

ஏரியைச் சுற்றி நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது ட்ரோனுக்கு இரண்டடி தள்ளி இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களோடதா அண்ணா? தொடலாமான்னு தெரியல. நாய் வந்துச்சு, அதான் பக்கத்துலயே உக்காந்துட்டோம்."

முக்கால் மணி நேரமாக! அவர்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பத்து நொடியை ரிமோட் திரையிலேயே ஓட்டிக் காட்டினேன். தண்ணீரில் மேகம் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சின்னவன், "இது எங்க ஏரியா?" என்றான். தினமும் குளிக்கிற ஏரியாம். அதில் வானம் இப்படி ஓடுவதை அவன் பார்த்ததில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான், போட்டேன், மூன்றாவது தடவையும் போட்டேன்.

இதற்கு வழி இருக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போதே காற்றை எதிர்த்துத் தொலைவுக்குப் போய்விட வேண்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள். அங்கிருந்து நம்மை நோக்கி வரும்போது படமெடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேட்டரி குறையக் குறைய ட்ரோன் நம் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும், காற்றும் தள்ளிக்கொண்டு வரும். விலகிப் போகிற காட்சிதான் வேண்டும் என்றால், படங்களைப் பின்னிருந்து முன்னாக ஓட்டலாம். மேகமும் பிரதிபலிப்பும் எந்தத் திசையில் ஓடினாலும் யாருக்கும் தெரியாது. சாலையில் வண்டி இருந்தால் மட்டும் இது உதவாது.

அக்டோபர் 11, நான்காம் நாள்: மழை

விடியும்போதே மழை. ட்ரோன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நாள் முழுக்க அறையில் உட்கார்ந்து படங்களைக் கோத்தேன்.

ட்ரோன் தானே கோத்துத் தரும் வீடியோ நண்பர்களுக்கு அனுப்பப் போதும். தனித்தனிப் படங்களையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லி வைத்தால்தான் நம் இஷ்டத்துக்கு வேலை செய்ய முடியும். பலர் அந்த ஒரு செட்டிங்கைப் பார்க்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வருந்துகிறார்கள். சாதாரண வீடியோவை இருபது நிமிடம் எடுத்து ஐம்பது மடங்கு ஓட்டினால் ஆகாதா என்று தங்கை கேட்டாள். மேகத்துக்கு ஓரளவு ஆகும். ஆனால் வீடியோவில் ஒரு ஃப்ரேமின் ஷட்டர் 1/25 நொடிக்கு மேல் திறந்திருக்க முடியாது, அதனால் குழைவு வராது. ராவ் படத்தில் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தை வெளியே எடுக்கிற மாதிரி அதில் எடுக்கவும் வராது.

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள், வரிசை எண் உள்ள படங்களை ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். பனி எடுத்த 500 படத்தில் ஒன்று மட்டும் குலுங்கிப் பதிந்திருந்தது, 213ஆம் படம். அழித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் கிளிப் இரண்டு துண்டாக நிற்கிறது! எண் விட்டுப்போனால் அது வேறு வரிசை என்று எடுத்துக்கொள்கிறது. ஓர் அரை மணி நேரம் புரியாமல் தேடினேன். கடைசியில் 212ஐப் பிரதி எடுத்து 213 என்று பெயர் வைத்தேன். பத்து நொடியில் சரியாயிற்று. 1/25 நொடி பனி அசையாமல் நிற்பது யார் கண்ணுக்கும் படாது.

மினுக்கலைப் போக்க எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற இன்னொரு மென்பொருள். ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் அளந்து ஒரு கோடாகக் காட்டும். பனி எடுத்ததில் கோடு மெல்ல ஏறியது, வெயில் ஏறிய மாதிரியே. முதல் நாள் எடுத்ததில் வெண்சமநிலை, ஷட்டர் எல்லாம் ஆட்டோ. கோடு ரம்பப் பல். அதை இழைத்துச் சமமாக்கலாம், செய்தும் பார்த்தேன், வெளிச்சம் அடங்கியது. ஆனால் நிறம் மாறி மாறி வருவது முழுதும் போகவில்லை. அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் ஸ்டெபிலைஸ், அதாவது ஆட்டத்தைப் போக்குவது. ஜிபிஎஸ் பிடித்து நிற்கும் ட்ரோன்கூட ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அங்குமிங்கும் மிதக்கும். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுக்கும்போது அந்த மிதப்பு நடுக்கமாக மாறிவிடும். மென்பொருள் அதைச் சரிசெய்ய ஓரங்களை வெட்டும். ஆகவே எடுக்கும்போதே கொஞ்சம் அகலமாக எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் கிளையோ கட்டடமோ இருந்தால் எந்த மென்பொருளாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. தூரத்து மலை ஓரங்குலம் நகரும்போது பக்கத்துக் கிளை ஓரடி நகர்ந்திருக்கும். ட்ரோன் ஹைப்பர்லாப்ஸுக்குத் தொலைவுதான் துணை.

மழை மாலை ஆறு மணிக்கு விட்டது. அதற்குள் இருட்டிவிட்டது.

அக்டோபர் 12, ஐந்தாம் நாள்: கடல்

கடற்கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித் தண்ணீருக்குள் தனியாக ஒரு பாறை நிற்கிறது. அதைச் சுற்றி சர்க்கிள் எடுக்கலாம் என்று காலையில் ஒரு பேட்டரி செலவழித்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று பருந்து. மூன்றாவது நிமிடம் தங்கை "மேல, மேல" என்று கத்தினாள். ட்ரோனுக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டு, தாழ்ந்து தாழ்ந்து வந்தது. நேராக மேலே ஏற்றினேன். பருந்து பாய்வது கீழ்நோக்கி. செங்குத்தாக மேலே ஏறுவது அதற்கு அத்தனை எளிதில்லை. ஒதுங்கியது. உடனே ட்ரோனை இறக்கிவிட்டேன். அது அதன் இடம். கூடு பக்கத்தில் இருக்கலாம், அதைத் தொந்தரவு செய்து ஒரு காட்சி எனக்கு வேண்டாம். கரையோடு அரை கிலோமீட்டர் தள்ளிப் போய், பாறையை இன்னொரு பக்கத்திலிருந்து எடுக்க இடம் பார்த்தோம்.

இரண்டாவது, அலை. வெயிலில் என்டி 64 போட்டும் ஷட்டர் 1/125க்குக் கீழே இறங்கவில்லை. அந்த வேகத்தில் பதிந்த அலைகளை ஓட்டினால் கடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கின்றன. எந்த அலை எங்கே போகிறது என்றே தெரியாது. மேகத்துக்கு இரண்டு நொடி இடைவெளி தாங்கும். அலைக்கு அதற்குள் ஒரு வாழ்நாளே முடிந்துவிடும். கடல் வேண்டுமென்றால் வெளிச்சம் அடங்கும் வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

காத்திருந்தோம். மாலையில் பறக்கவிட ட்ரோனைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது, கரையோர வீட்டிலிருந்து ஓர் அம்மா வேகமாக வந்தார்.

"எங்க வீட்டையா எடுக்கறீங்க?"

குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். தலைக்கு மேல் கேமரா பறந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ரிமோட் திரையைக் காட்டி, கேமரா பார்க்கப் போவது கடலை, வட்டத்தின் இந்தப் பக்கம் வரும்போது வீடு தெரியும் என்றும் மறைக்காமல் சொன்னேன். சற்று யோசித்தார். "அப்ப வீடு தெரியாத மாதிரி எடுங்க தம்பி" என்றார். அது சரிதான். சர்க்கிளை விட்டு, கடல் பக்கமிருந்து ஆரம்பிக்காமல், கரையிலிருந்து நேராகப் பாறையைப் பார்த்தபடி நின்று எடுப்பதாக மாற்றிக்கொண்டேன். அவர் போகவில்லை. மணலில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபில்டரை மாட்டும்போது ட்ரோனை அணைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டினால் விரலின் அழுத்தத்தை எதிர்த்து ஜிம்பலின் (கேமராவை ஆடாமல் தாங்கும் பாகம்) மோட்டார் முறுக்கும். இடது கையால் கேமராவைப் பின்னாலிருந்து தாங்கி, வலது கையின் இரு விரலால் என்டி 64ஐ வைத்து, மெல்லத் திருப்பினால் ஒரு சின்ன 'டிக்'. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அது சரியாக உட்காரவில்லை, பறக்கும்போது ஜிம்பல் நடுங்கும். கடற்காற்றில் உப்பு ஒட்டியிருந்த கண்ணாடியைத் துணியால் இரண்டு தடவை துடைத்தேன்.

சூரியன் இறங்கியதும் ஏற்றினேன். காற்று அடங்கியிருந்தது. பாறையிலிருந்து எண்பது மீட்டரில் நிறுத்தி, ஷட்டர் அரை நொடி. அதற்கு மேல் போனால் ட்ரோனின் மிதப்பே படத்தைக் குழைத்துவிடும். பெரிய மாற்றமில்லாத கோணம், ஒரே ஒரு அசைவு: மிக மெதுவாக, பதினைந்து மீட்டர் முன்னால் போக வேண்டும். 250 படத்துக்குப் பதினைந்து மீட்டர் என்றால் படத்துக்கு ஆறு சென்டிமீட்டர். அந்த அளவு இருந்தால் பார்ப்பவருக்கு ட்ரோன் நகர்வதே தெரியாது, பாறை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை நெருங்குவது போல இருக்கும்.

இருட்டு வேகமாக ஏறியது. நூறாவது படத்துக்குப் பிறகு வெளிச்சம் குறைவதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஒவ்வொரு சிறு படியாக ஏற்றிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு படியும் வீடியோவில் ஒரு தட்டாகத் தெரியும், ஆனால் அதை இழைத்துவிடலாம். தங்கை எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூறுக்கு மேல் அந்த அம்மாவும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார். பாறையின் காலடியில் அலை இல்லை, திரையில் ஒரு வெண்புகை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இருட்டு முழுதாக இறங்குவதற்குள் ட்ரோன் கைக்கு வந்துவிட்டது. பேட்டரி 34 சதவீதம், தொட்டால் சூடாக இருந்தது. அந்த அம்மாவுக்குக் கடைசி ஐந்து நொடியைக் காட்டினேன். வீடு எங்கும் தெரியவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். அப்புறம் பாறையைப் பார்த்தார்.

அறைக்கு வந்ததும் கார்டை லேப்டாப்பில் போட்டு, இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். ஃபோல்டரைத் திறந்து கடைசி வரை இறங்கி, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். 0001இலிருந்து 0250 வரை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.